கண்மாயைத் தூர்க்கும் கணினி

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் ஜிஐஎஸ் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்போடு என்னிடம் வருவார்கள். 'திண்டுக்கல் மாவட்ட நீர்வள மேலாண்மை: ஓர் ஆய்வு' என்பது போலப் பெரிதாக இருக்கும். டீ சொல்லிவிட்டு நான் முதலில் கேட்பது, "ஊர் எது தம்பி?" என்பதுதான். நத்தம் பக்கம் என்று பதில் வந்தால், அந்தத் தலைப்பை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவேன். மாவட்டம் முழுவதற்கும் நீர்வள ஆய்வு செய்ய ஒரு துறையே வேண்டும். மாணவர் கையில் இருப்பது நான்கு மாதம், ஒரு மடிக்கணினி, ஒரு இரண்டு சக்கர வண்டி. இவற்றுக்குள் முடிகிற கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்து சேர வேண்டும்? இன்று அது எந்த இடத்தில் நின்றுபோகிறது?"

பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஜிஐஎஸ் பற்றி இரண்டு வரி. அது கணினியில் இருக்கும் வரைபடம்; அதில் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு அட்டவணை இருக்கிறது. கண்மாயின் எல்லையைத் தொட்டால் அதன் பெயர், பரப்பு, ஆயக்கட்டு, சர்வே எண் எல்லாம் வரும். மலை, ஓடை, சாலை, மாந்தோப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களை அடுக்கி, "இந்தக் கண்மாய்க்கு மேலே இருக்கும் நிலம் எவ்வளவு?" என்று கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்லும். இதைச் செய்யும் க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய திட்டம் அது; இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். செலவென்று பார்த்தால் பெட்ரோலும் பிரிண்ட் அவுட்டும்தான்.

நத்தம் இந்தப் பாடத்தைக் கற்க அருமையான இடம். மேற்கே சிறுமலை, வடக்கே கரந்தமலை, தெற்கே அழகர்மலை. சரிவில் விழும் மழை ஓடையாக இறங்கி, ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும் அமைப்பு. வரைபடம் செய்பவர்களுக்கு வரக்கூடிய சங்கடங்களும் இந்த ஒரே ஊரில் ஒன்றுகூடியிருக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டில் நத்தம் 58ஜே/4 என்ற தாளின் வடகிழக்கு மூலையில் வருகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் நகர்ந்தால் 58ஜே/3, 58ஜே/7, 58ஜே/8 ஆகிய தாள்களுக்குள் போய்விடுவோம். ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பைப் பார்க்கவே நான்கு தாள்களை ஒட்ட வேண்டி வரலாம்.

அடுத்தது தீர்க்கரேகை. 78 பாகைக் கோடு திண்டுக்கல் நகருக்குக் கிழக்கே, அதை ஒட்டிப் போகிறது. உலகத்தை ஆறு ஆறு பாகையாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. பழனியும் கொடைக்கானலும் ஒன்றில், நத்தம் மற்றொன்றில். மாவட்டக் கோப்பை எங்கிருந்தோ இறக்கி, அது எந்த மண்டலம் என்று பார்க்காமல் நத்தத்துக்குப் பயன்படுத்தினால் லேயர்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. இதே 78 பாகையை ஒட்டித்தான் தென்கோடியிலிருந்து இமயம் வரை இந்தியாவை அளந்த அந்தப் பெரிய முக்கோண அளவை போனது. வில்லியம் லாம்டன் அதற்கான அடிக்கோட்டை 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். அந்த மரபில் வந்த பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கில் வரையப்பட்டவை. உங்கள் செல்போன் ஜிபிஎஸ் வேறு கணக்கில் இயங்குகிறது. மாற்றிக்கொள்ளாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும். கண்மாய்க் கரையில் நிற்கும் நீங்கள் திரையில் பக்கத்து வயலில் நிற்பீர்கள். முதல் வாரத்தை இந்த ஆயத்தொலைவுக் கணக்குக்கே ஒதுக்குங்கள். பின்னால் மூன்று வாரம் மிச்சமாகும்.

இனி நிதானமாகக் கேட்க வேண்டிய பகுதி. தண்ணீர் ஓடும் வழியைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிலத்தின் உயரம் தெரிந்தால் போதும், மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கோடு இழுத்துவிடும். அந்த உயரத் தகவலுக்கு மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்கலம் 11 நாள் சுற்றி, ரேடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை அளந்தது. நமக்குக் கிடைப்பது 30 மீட்டர் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு உயரம், அதுவும் முழு மீட்டரில்.

இப்போது நம் வரத்துக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். அகலம் இரண்டு, மூன்று மீட்டர். வாட்டம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இருக்காது. 30 மீட்டர் கட்டத்துக்குள் அது காணாமல் போகிறது. முப்பது கட்டம் தாண்டினாலும் உயரத்தில் ஒரு எண்கூட மாறாது. ரேடார் அலை மரத்தலையில் பட்டுத் திரும்புவதால், அடர்ந்த மாந்தோப்பும் புளியந்தோப்பும் கணினிக்கு மேடாகத் தெரியும். நிஜத்தில் தோப்பு ஓரமாக ஓடும் கால்வாயைத் திரையில் அது சுற்றிப்போக வைக்கும். மலைச்சரிவில் இந்தக் கோடுகளை நம்பலாம். அடிவாரத்தைத் தாண்டிச் சமவெளிக்கு வந்தபின் நம்பக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகம் சொல்லும் முதல் படியே 'ஃபில்' என்ற கட்டளை. சுற்றிலும் மேடாக இருந்து நடுவில் தாழ்ந்த கட்டங்களை மென்பொருள் அளவீட்டுப் பிழை என்று எடுத்துக்கொண்டு, மட்டமாக நிரப்பிவிடும். நிரப்பினால்தான் தண்ணீர்க் கோடு தடையில்லாமல் கடல் வரை ஓடும். இயற்கையான ஆறுகளை மனதில் வைத்துச் செய்த கணக்கு அது. நம் ஊர்ப் பள்ளங்கள் பிழையல்ல. அவை கரை கட்டி, மடை வைத்து, கலுங்கு அமைத்து மனிதர்கள் உண்டாக்கிய கண்மாய்கள். ஒரு பொத்தானை அழுத்தியதும் கணினி அவை அத்தனையையும் தூர்த்துவிட்டு, தண்ணீரைக் கரைமேல் ஏற்றிக் கொண்டுபோகிறது. அப்படி வரும் படத்தை 'நத்தம் பகுதி நீரோட்டம்' என்று அச்சிட்டு ஒட்டிய அறிக்கை உபயோகமற்றது என்பது என் தீர்மானமான கருத்து.

மாற்று வழி இருக்கிறது. கண்மாய்களின் எல்லையை முதலில் நீங்களே வரைந்து, 'இவை நிஜப் பள்ளம், தொடாதே' என்று குறித்துவிடலாம். கால்வாய் போகும் தடத்தைக் கோடாக வரைந்து, அந்தக் கட்டங்களின் உயரத்தைச் சில மீட்டர் குறைத்துவிடலாம். பிறகு தண்ணீர் அந்த வழியில்தான் போகும். ஆனால் தடம் யாருக்குத் தெரியும்? டோப்போ ஷீட்டில் 50,000-க்கு 1 என்ற அளவில் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் 50 மீட்டர். கிராம வரைபடமும் புல வரைபடமும் இதைவிட நுணுக்கமானவை. 'ஓடை', 'வாய்க்கால்' என்று அ-பதிவேட்டில் வகைப்பாடு இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கல்லூரிக் கடிதத்தோடு போய் முறையாகக் கேளுங்கள். அதற்கும் மேலே, ஊரில் கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் இருப்பார். எந்த மழைக்கு எந்த ஓடை முதலில் வரும், எந்தக் கலுங்கு எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அவருக்குக் காலில் இருக்கிறது. "ஐயா, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்று சொல்லி, களத்தில் புள்ளி குறிக்க உதவும் க்யூஃபீல்டு செயலியைச் செல்போனில் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு நடங்கள். திறந்த வெளியில் ஜிபிஎஸ் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும். தோப்புக்குள் கொஞ்சம் அலையும், நின்று காத்திருந்து குறியுங்கள். கால்வாய் எங்கே மண் மூடியிருக்கிறது, எங்கே ரோட்டுப் பாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது, எங்கே சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஒரு போட்டோ. ப்ராஜெக்ட்டின் உயிர் இந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. காந்திகிராமம் கிராமியப் பல்கலை போல இந்தப் படிப்பு நடக்கும் கல்வி நிலையம் பஸ் தூரத்திலேயே இருப்பது இங்குள்ளவர்களுக்கு வாய்ப்பு. சந்தேகம் வந்தால் திரும்ப வந்து நடந்து பார்க்க முடிகிறது.

செயற்கைக்கோள் படத்தை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மேகம் மூடியிருக்கும். ஜனவரி படத்தில் கண்மாய் நிறைந்திருப்பதும் தெரியும், வானமும் தெளிந்திருக்கும். கருவேலம் மூடிய கண்மாயைக் கணினி 'தாவரம்' என்று வகைப்படுத்தும், அதையும் நடந்துபோய்த்தான் திருத்த வேண்டும். மாந்தோப்புப் பரப்பைத் தலைப்பாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்டினல்-2 படத்தின் ஒரு பிக்சல் 10 மீட்டர் சதுரம், பழைய முறையில் மா நடும் இடைவெளியும் 10 மீட்டர். அதாவது பிக்சலுக்கு ஒரு மரம். கன்றாக இருக்கும்போது அந்தப் பிக்சலில் மண்தான் அதிகம். எனவே இளம் தோப்பு தரிசாகத் தெரியும் என்பதை முன்பே எதிர்பாருங்கள்.

வைவாவில் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: "இது சரி என்று எப்படித் தெரியும்?" கணினி சொன்ன ஓட்டத்தை உங்கள் களப் புள்ளிகளோடு ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள். 50 இடத்தில் 41 பொருந்தினால் 82 சதவீதம் என்று எழுதுங்கள். பொருந்தாத ஒன்பது இடங்களையும் படத்தில் காட்டி, ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். அந்த ஒன்பதைப் பற்றிய பக்கங்கள்தான் ஆய்வு. முதல் இருபது பக்கம் ஜிஐஎஸ் வரலாற்றை எழுதுவதில் நேரம் போக்க வேண்டாம். அடைப்பு இருக்கும் இடத்தில் யாருடைய பெயரையும் போடாதீர்கள். ஆக்கிரமிப்பா இல்லையா என்று தீர்மானிப்பது வருவாய்த்துறையின் அளவீடு, 30 மீட்டர் கட்டத்தை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அறிக்கை மூன்று பிரதி போட வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால் நீங்கள் ஐந்தாகப் போடுங்கள். ஒன்றை உங்களோடு நடந்த பெரியவருக்குக் கொடுங்கள். இன்னொன்றை, கால்வாய்த் தடமும் அடைப்புப் புள்ளிகளும் பெரிதாகத் தெரியும்படி ஒரு பெரிய தாள் வரைபடத்தோடு சேர்த்து, ஊராட்சி அலுவலகத்தில் ஆகஸ்டுக்குள் சேர்த்துவிடுங்கள். அக்டோபர் மழைக்கு முன் கால்வாய் வெட்ட அவர்களுக்கு அந்த இரண்டு மாதம் வேண்டும்.