விலை கூடிய வெப்கெம் வாங்குமுன்...

வீட்டிலிருந்தே தையலோ கேக் அலங்காரமோ ஒன்லைனில் கற்பிக்கும் சகோதரிகளே! மடிக்கணனியின் கெமரா மங்கலாக இருக்கிறதென்று விலை கூடிய வெப்கெம் ஒன்றைத் தேடுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் எந்தக் கெமராவிலும் முகம் கறுத்தே தெரியும். ஜன்னலை நோக்கி அமர்ந்தால் பாதிக் குறை செலவின்றித் தீர்ந்துவிடும்.

அதன் பின்னரும் தேவையெனில், '4கே' என்ற சொல்லில் மயங்கிவிடாதீர்கள். ஸூம் வகுப்பில் அத்தனை தெளிவும் மாணவியரைச் சென்றடைவதில்லை. வீடியோ பதிவு செய்து யூடியூபில் இடுவோருக்கே அது பயன்படும்.

2021இல் வெளிவந்த எல்காட்டோ ஃபேஸ்கேம் 1080பி தரத்தில் செக்கனுக்கு 60 படங்கள் எடுக்கும். அசைவு தெளிவாக இருக்கும். ஆனால் அதில் மைக் கிடையாது; இவ்வளவு விலைக்கு இது என்ன கணக்கோ! அத்துடன் அதன் குவியம் மாறாதது. தையலை 30 சென்ரிமீற்றருக்கும் அருகே பிடித்துக் காட்டினால் மங்கிவிடும். அப்படிக் காட்டுவோர் தானாகக் குவியும் கெமராவையே வாங்க வேண்டும். 2017இல் வந்த லொஜிடெக் பிரியோ அத்தகையது, மைக்கும் உண்டு.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது. பிரியோவின் பார்வை 90 பாகை வரை விரியும். பின்னால் நடமாடும் உம்மாவும் குமர்ப்பிள்ளைகளும் அவர்களறியாமலே படத்தில் விழுந்துவிடுவர். வகுப்பைத் தொடங்குமுன் அதன் மென்பொருளில் 65 பாகைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் கூடவே வரும் மூடியால் கண்ணை மூடிவிடுங்கள்.