சொகுசு ஜீப் வாங்குமுன் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்

மஃரிப் தொழுகை முடிந்த நேரம். கட்டைபறிச்சான் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீடு. முற்றத்தில் ஒரு ஹரியர் ஜீப் வந்து நிற்கிறது. வெள்ளை நிறம். பட்டுப் போல மின்னுகிறது. பத்து வருடம் கத்தாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய வாப்பா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பிள்ளைகள் அதற்குள் பின் ஆசனத்தில் ஏறிவிட்டார்கள். "நாளைக்கு வேற ஆக்கள் பாக்க வாறாங்க காக்கா, இப்பவே அட்வான்சைத் தந்திருங்க" என்று தரகர் அவசரப்படுத்துகிறார்.

வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. பின் கதவைத் திறந்து, காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி, அதற்கும் கீழே கையை விட்டுப் பார்த்தார். விரலில் நைசான சேறு ஒட்டியது. மணந்து பார்த்தார். "இஞ்ச பாருங்க, இது நம்மட வீட்டுக்குள்ள வந்த வெள்ளத்திட மணம்தானே?" என்று கணவரிடம் கேட்டார்.

தரகர் மறுபேச்சில்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சகோதரிகளே, இதைக் கேட்டபோது நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வரும் ஒரு ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். குவியலுக்குள் கையை விடுகிறார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருக்கிறது. மழை பட்டுவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தானியத்துக்குச் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும்.

ஏன் இந்த ஆசை?

ஒரு காலத்தில் மூதூர்ப் பக்கத்தவர் திருகோணமலைக்குப் போக லோஞ்சை நம்பியிருந்தார்கள். தரைவழியே போனால் துறைக்குத் துறை 'பாதை'யில் ஏறி இறங்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் ஏனைய பாலங்களும் வந்தன. இன்று வாசலில் ஏறினால் திருகோணமலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். முழங்கால் வலியுள்ள உம்மா, கைக்குழந்தை, மூன்று நான்கு பிள்ளைகள் என்று இருக்கும் குடும்பம் கொஞ்சம் உயரமான, வசதியான வாகனத்தை விரும்புவதில் தவறில்லை. அல்லாஹ் தந்த அருளை அளவோடு அனுபவிப்பது பாவமும் அல்ல.

அப்படி விரும்புபவர்கள் நம் நாட்டில் அதிகம் தேடுவது ஹரியர் போன்ற நடுத்தர அளவிலான சொகுசு ஜீப்பைத்தான். டொயோட்டா கம்பனி இதை 1997 இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. அடுத்த வருடம் வெளிநாடுகளில் அதுவே லெக்சஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2013 இல் ஒரு மாடலும் 2020 இல் இன்னொரு மாடலும் வந்தன. பிஎம்டபிள்யூ, பென்ஸ், அவுடி, வொல்வோ கம்பனிகளுக்கும் இதே அளவில் ஜீப்கள் உண்டு. ஆனால் அவற்றின் உதிரிப்பாகத்துக்கும் கம்பியூட்டர் பரிசோதனைக்கும் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இங்கிருந்து அது 250 கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரம்.

மூன்று வகை விற்பனை

முதலாவது, முகவரிடம் வாங்கும் புத்தம் புதியது. உத்தரவாதம் உண்டு, மனநிம்மதியும் உண்டு. ஆனால் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு வரியாகப் போகிறது. சுங்க வரி, உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, இவற்றுக்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரி.

இரண்டாவது, 'ரீகண்டிஷன்' என்று நாம் சொல்லும் வாகனம். ஜப்பானில் சில காலம் ஓடி, ஏலத்தில் வாங்கப்பட்டு இங்கே கப்பலில் வருவது. இதற்கும் வரிகள் உண்டு.

மூன்றாவது, இங்கேயே பதிவு செய்து ஓடிய வாகனம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. ஆகவே உள்ளூரில் ஓடிய ஹரியர்களில் பெரும்பாலானவை 2013 மாடல்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோயின. அந்த விலையை இன்னமும் மனதில் வைத்துக்கொண்டு பேசும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். இறக்குமதி திறந்த பிறகு அந்த விலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

வாகனத்துக்குள் கையை விடுங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது நமக்கு நினைவிருக்கும். நவம்பர் 30 இல் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், சேருவில, வெருகல் பக்கங்களில் வெள்ளம் பாய்ந்தது. கொழும்பில் களனி கங்கையும் பெருகியது. நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் நீரில் நின்றன. அவற்றைக் கழுவி, காயவைத்து, மெருகு பூசி, எந்த ஊருக்கும் கொண்டுபோய் விற்கலாம். ஆகவே பின்வருவனவற்றை நீங்களே பாருங்கள். இதற்கு மெக்கானிக் படிப்புத் தேவையில்லை.

விரிப்பைத் தூக்கி அடியில் ஈரமோ வண்டலோ இருக்கிறதா பாருங்கள். ஆசன பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். வெள்ளம் பார்த்த வண்டியில் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியக்கூடும். ஆசனத்தைப் பூட்டியிருக்கும் ஆணிகளில் துரு இருக்கிறதா? உதிரிச் சக்கரம் வைத்திருக்கும் குழியில் மணல் இருக்கிறதா? முன் விளக்குக் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கிறதா? பழைய வண்டிக்குப் புத்தம் புதிய விரிப்பும் கண்ணைக் கரிக்கும் வாசனைத் திரவியமும் எதற்கு? இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஹைபிரிட் வண்டியானால் இன்னும் கவனம் வேண்டும். 2013 மாடல் ஹரியர் ஹைபிரிட்டில் பெரிய பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளம் முதலில் எட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. வெள்ளம் படாவிட்டாலும் பற்றரிக்கு வயது உண்டு. அதை மாற்றப் பெருந்தொகை தேவைப்படும். எனவே விலை பேசுமுன் பற்றரியைக் கருவி வைத்துப் பரிசோதித்து அறிக்கை கேளுங்கள். பின் ஆசனப் பக்கம் பற்றரியைக் குளிர்விக்கக் காற்று போகும் சிறு துவாரம் இருக்கும். அதைத் தலையணையாலோ சாமான் பையாலோ மூடிவிடக் கூடாது. அதில் தூசு அடைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரமான ஜீப் என்பதற்காக வெள்ளத்தில் இறக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஹரியர் போன்றவை காரின் அமைப்பில் செய்யப்பட்டவை. இயந்திரத்துக்குள் தண்ணீர் இழுபட்டால் இயந்திரமே முறிந்துவிடும்.

இன்னொன்று, உம்மாவையும் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் சொல்லும் தீர்ப்பு விளம்பரத்தில் வராது. வாசல் கேற்றையும் அளந்து பாருங்கள். 2020 ஹரியரின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,855 மில்லிமீற்றர்.

காகிதத்துக்குள் கையை விடுங்கள்

ரீகண்டிஷன் வண்டியானால் ஜப்பானின் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் வண்டிக்கு 3.5, 4, 4.5 என்று தரப் புள்ளி இருக்கும். புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தப்பட்ட வண்டி. வண்டியின் படத்தில் 'டபிள்யூ' என்று குறித்த இடம் தட்டித் திருத்திய இடம். இரண்டு 'எக்ஸ்' குறித்த இடம் பாகம் மாற்றிய இடம். ஓடிய தூரமும் அதில் இருக்கும். விற்பவர் தரும் நகலை அப்படியே நம்பாமல், வண்டியின் செஸி இலக்கத்தைக் கொண்டு வேறு வழியாகவும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மீற்றரைக் குறைப்பவருக்குத் தாளை மாற்றுவதும் பெரிய வேலையல்ல.

இங்கே ஓடிய வண்டியானால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று கொள்ளுங்கள். பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' வாங்குவது வேண்டவே வேண்டாம். அந்த வண்டி நாளை ஒரு விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால் கோட்டு வாசலில் நிற்பது யார்?

குறையை மறைத்து விற்றது தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் மார்க்கச் சட்டம் வாங்கியவருக்குத் தந்திருக்கிறது. ஆனாலும் பணம் கைமாறிய பிறகு அந்த உரிமையைப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

பணப்பைக்குள் கையை விடுங்கள்

வாங்கும் விலை ஒருநாள் செலவு. வாகனம் ஒவ்வொரு மாதமும் கை நீட்டும். ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவதாக வைப்போம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 125 லீற்றர் பெற்றோல் வேண்டும். 14 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 72 லீற்றர் போதும். 2022 நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாகனங்கள் முற்றத்தில் நிற்க, சைக்கிளில் போனவர்கள் எத்தனை பேர்! இதனுடன் காப்புறுதி, வருடாந்த வரிப் பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், சேர்விஸ் எல்லாம் சேரும். காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பணம் போதாவிட்டால்? "லீசிங் போடுவோம்" என்பது இன்று வாயில் இலகுவாக வருகிறது. வட்டியில் வந்த வாகனத்தில் பிஸ்மி சொல்லி ஏறுவது எப்படி? அமானா வங்கி 2011 இல் வட்டியில்லா வர்த்தக வங்கியாக ஆரம்பித்ததிலிருந்து இஜாரா, முராபஹா போன்ற முறைகள் நம் மக்களுக்குப் பழகிவிட்டன. அங்கே போனாலும் கேள்வி கேளுங்கள். வாடகைக் காலத்தில் வாகனம் யாருடைய உடைமை? அது முற்றாக அழிந்தால் நட்டம் யாருக்கு? உண்மையான இஜாராவில் உடைமையாளருக்கே அந்தப் பொறுப்பு. எப்படியானாலும் தவணை என்பது கடன் போன்ற சுமைதான். ஒரு மாதம் வெளிநாட்டுப் பணம் வராமல் போனாலும் கட்ட முடியுமா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பணம் என்பதுதான். நம் கிழக்கு மாகாணத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் மகளின் வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் வாப்பா ஜீப் வாங்கினால், இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்குக் கடன் வாங்க வேண்டிவரும். ஹஜ் கடமையாகியும் போகாமல் இருப்பவர், முற்றத்து ஜீப்பைக் காட்டி அல்லாஹ்விடம் என்ன சொல்வார்? ஸகாத்தையும் மறக்க வேண்டாம். சொந்தப் பாவனை வாகனத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் அதை வாங்கச் சேர்த்த பணம் நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் கையில் இருந்தால் அதற்கு இரண்டரை வீதம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பைச் சீதனமாகக் கேட்டால், கூச்சமில்லாமல் மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

சுருக்கமாகச் சொல்கிறோம். வசதி படைத்து, கடமைகளை முடித்து, நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவருக்குப் புதியது பொருந்தும். நடுத்தர வசதியுள்ளவருக்கு, சரிபார்த்த ஏலத் தாளுள்ள ரீகண்டிஷன், அல்லது ஒரே உரிமையாளரிடம் ஓடி, சேர்விஸ் கணக்குகள் கையில் உள்ள உள்ளூர் வண்டி போதும். அதையும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டி, பற்றரியைப் பரிசோதித்து, கையிலுள்ள காசுக்கு வாங்குங்கள். காசு போதவில்லையா? சொகுசைக் குறைத்து ஒரு சாதாரணக் காரைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான்.

நாம் சொன்ன அந்தக் குடும்பம் இப்போது என்ன செய்கிறது தெரியுமா? ஜீப் வாங்கவில்லை. உள்ளூரில் ஒருவர் ஓட்டிய சிறிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மீதிப் பணத்தில் மகளின் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுக்க இருக்கிறார்கள்.

ஆண்கள் வாகனத்தைச் சுற்றி வரட்டும். சகோதரிகளே, நீங்கள் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நமக்கு வரும் எந்தப் பொருளையும் அல்லாஹ் ஹலாலானதாகவும் பரகத் உள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.