சங்கிலி ரம்பத்தில் ரிங் பிடித்தால்...

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டார முந்திரித் தோப்புகளில் கவாத்து செய்யச் சங்கிலி ரம்பம் உதவுகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்களைச் சாய்த்தது. அத்தகைய வேளையில் ரம்பம் நின்றுவிட்டால் தோப்பில் கால் வைக்க இயலாது.

ஸ்டார்ட்டர் கயிறு தடையின்றி லேசாக வருகிறதா? சூடேறியதும் இழுவை குறைகிறதா? பிஸ்டன் ரிங் பிடித்திருக்கலாம். பெட்ரோலில் ஆயில் மிகுந்தாலும், தரமற்ற ஆயிலைக் கலந்தாலும் கரி படிந்து, ரிங் தன் காடியில் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் கசியும்.

என்ஜின் ஆறியபின் பிளக் வயரைக் கழற்றவும். சைலன்சரை நீக்கி, புகை வெளியேறும் துளை வழியே டார்ச் அடித்துப் பார்க்கவும். கயிற்றை மெல்ல இழுத்து, துளைக்கு நேரே வரும் ரிங்கை மெல்லிய மரக்குச்சியால் அழுத்தவும். உள்ளே போய்த் திரும்பினால் நல்லது, அசையாவிடில் பிடித்துள்ளது. பிஸ்டனில் நெடுக்கே ஆழமான கீறல்கள் இருந்தால் அதை மாற்ற வேண்டியதுதான்.

கீறல் இல்லையேல் மெக்கானிக்கைக் கொண்டு பிஸ்டனைக் கழற்றி, டீசலில் ஓர் இரவு ஊறவைக்கவும். ரிங்கைப் பக்குவமாக எடுத்து, உடைந்த பழைய ரிங் துண்டால் காடியிலுள்ள கரியைச் சுரண்டவும். உப்புத்தாள் கூடாது. பூட்டும்போது ரிங்கின் முனைகள் காடியிலுள்ள சிறு ஆணியின் இருபுறமும் அமையவேண்டும். தவறினால் ரிங் உடைந்து சிலிண்டர் கெடும்.

கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால், லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் போதும். குறைத்தால் பிஸ்டன் கீறும். கூட்டினால் கரி சேரும். ஆகவே, அளந்து ஊற்றுவதே நலம்.