சங்கக் கூட்டமும் சொட்டு மருந்தும்

சங்கம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், வாரந்தோறும் ஒரு மண்டபத்திற் கூடி, மணியடித்து, வருகை குறித்து, உண்டு, ஒருவரது சொற்பொழிவைக் கேட்டுக் கலையும் ரோட்டரி சங்கத்தாரைக் காணும் மாணவர் பலர், இதனால் விளையும் பயன் யாது என வினவுவர். நெய்வேலி நிலக்கரி நகரியத்திலும் இத்தகைய சேவைச் சங்கங்கள் உள. அவற்றின் கூட்டங்களைக் கண்டு நாமும் அவ்வாறே ஐயுற்றதுண்டு.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடியதே இச்சங்கத்தின் தொடக்கம். இவ்வாரம் ஒருவர் அலுவலகம், மறுவாரம் மற்றொருவர் அலுவலகம் எனக் கூட்டம் சுழன்று வந்தமையின் அப்பெயர் வாய்த்தது. தொழிலுக்கு ஓர் அங்கத்தினர் என்பது பழைய விதி. ஆகவே மருத்துவரும் வணிகரும் பொறியாளரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். 1989 வரையில் பெண்டிரை உலகெங்கும் அங்கத்தினராக ஏலாதிருந்தமை இச்சங்கத்திற்கு அழகன்று. அதனை மறைத்தலும் முறையன்று.

இனி, இம்மேசை எதற்குப் பயன்பட்டது என்பதற்கு நம் நாட்டிலேயே, வேலூரில், சான்றுண்டு. இளம்பிள்ளை வாதத்திற்கு வாய்வழி ஈயுஞ் சொட்டு மருந்து மும்முறை கொடுத்தாற் போதும் என்பது குளிர்நாட்டார் கணக்கு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் ஜான், நம் நாட்டுக் குழந்தைகளிற் பலர்க்கு மும்முறை போதாமையை ஆராய்ந்து கண்டார். பன்முறை கொடுத்தல் வேண்டும். அதனையும் ஊர்க் குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே நாளிற் கொடுத்தல் நன்று. அங்ஙனம் கொடுப்பின், நோய்க்கிருமி குடலிற் குடிபுக இடமின்றி ஒழியும். 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் ரோட்டரி சங்கத்தாரின் துணையோடு இம்முறை நடத்தப்பெற்றது.

ஒரே நாள் என்று சொல்லுதல் எளிது. மருந்து வெம்மை தாங்காது. பனிக்கட்டிப் பெட்டியிற் கொண்டு செல்லல் வேண்டும். வண்டி வேண்டும், பந்தல் வேண்டும், தெருத்தெருவாய் அறிவிக்க ஆள் வேண்டும், மருந்துண்ட குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையிட ஒருவர் வேண்டும். மருத்துவர்க்கு முறை தெரியும். இத்தனை கைகள் அவரிடம் இல்லை.

1985-இல் ரோட்டரி சங்கம் இப்பணியை உலகளாவியதாக ஏற்றது. 1988-இல் உலகச் சுகாதார நிறுவனமும் நோயை அறவே ஒழிக்க உறுதிபூண்டது. இந்தியாவெங்கும் சொட்டு மருந்து நாள் 1995-இல் தொடங்கிற்று. பதினான்கு ஆண்டு கழிந்தும், 2009-இல் 741 குழந்தைகள் இந்நோயுற்றனர். அவ்வேளையிற் சலிப்புற்றோர் பலர். அதனைக் குறை கூறோம். 2010-இல் அத்தொகை 42 ஆயிற்று. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்திற் கண்ட ஒரு குழந்தையே இறுதி. 2014 மார்ச்சு 27-இல் இந்தியா இந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

நெய்வேலி போன்ற ஊரில் இப்பணிக்குத் தனி இடர் உண்டு. நகரியத்து வீடுகள் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு எண்ணிடப்பட்டவை. அவற்றிற் குழந்தைகளைக் கணக்கிடுதல் எளிது. எல்லைக்கு வெளியே, ஒப்பந்த வேலை நாடி வெளிமாநிலத்தினின்று வந்தோர் தங்குங் கொட்டகைகளுக்கோ எண் இல்லை. சுரங்கத்திற்கு ஞாயிறு விடுமுறையும் இல்லை. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்குவார், குழந்தை சாவடிக்கு வாராது. அத்தகைய குழந்தையைத் தேடி மறுநாள் வீட்டுப் படியேறுவோரே இப்பணியின் உயிர். பாகிஸ்தானத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் அந்நோய் இன்னும் ஒழிந்திலது. ஒரு கிருமி ஊர்ப்பட்டியலிற் பெயரில்லாக் குழந்தையிடமே முதலில் இடம் பெறும்.

வாரக் கூட்டத்தில் வருகை குறித்தலை நாம் நகைத்ததுண்டு. வருகிற ஞாயிறு எந்தச் சாவடிக்கு யாரை நம்பி அனுப்பலாம் என்பதைக் காரியதரிசி அறிவது அப்பதிவேட்டைப் பார்த்தே.