உங்களுக்குத் தெரியுமா? லைப்சிக் சென்ற கைவல்லிய நவநீதம்

தாண்டவராய சுவாமிகள் தமிழ்ச் செய்யுளில் இயற்றிய கைவல்லிய நவநீதம் என்னும் அத்வைத நூலை, தமிழகத்தில் தங்கித் தமிழ் கற்றுத் திரும்பிய கார்ல் கிரவுல் என்ற லுத்தரன் சமய அறிஞர் ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1854-இல் லைப்சிக் நகரில் வெளியிட்டார். அதன் தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் மறு ஆண்டே அச்சிட்டார். 1790-இல் ஃபிக்டே என்னும் தத்துவவாதி, மற்றொரு ஜெர்மானியத் தத்துவவாதியான கான்டின் நூல்களை முதன்முதலில் ஆழ்ந்து பயின்றதும் இதே நகரில்தான்.

‘நான்’ என்பது எது என்னும் கேள்வியில் இவ்விருவரையும் கைவல்லியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குத் தோன்றும் எண்ணங்கள் யாவும் அவருடையவையாக இருக்க வேண்டுமானால் ‘நான் எண்ணுகிறேன்’ என்னும் தன்னுணர்வு அவற்றுடன் இணையக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், ஆனால் அந்த ‘நான்’ உள்ளபடி எத்தகையது என்பதை அறிவால் எட்ட முடியாது என்றும் கான்ட் 1781-இல் முதலில் வெளியிட்ட தம் பெருநூலின் 1787-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் வரையறுத்தார். ஃபிக்டேயோ, தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் செயலே ‘நான்’ என்றார். குரு சீடனுக்கு உபதேசிக்கும் முறையில் அமைந்த கைவல்லியமோ, நனவு, கனவு, ஆழ்துயில் ஆகிய மூன்று நிலைகளும் மாறி மாறி வர, அவற்றை மாறாமல் அறிந்து நிற்கும் சாட்சியே ஆன்மா என்றும், அதுவே பிரம்மம் என்றும் கூறி, கான்ட் அறிவுக்கு எல்லை வகுத்த இடத்தையும் துணிவுடன் கடந்து செல்கிறது. தமிழ் வேதாந்தம் ஐரோப்பிய அறிவுலகை எட்டிய இவ்வரலாறு இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியதாகும்.