ரத்த மையப் போஸ்டிங்: எதை முதலில் படிப்பது?

இந்தியச் சட்டப்படி ரத்தம் ஒரு மருந்து. அதைச் சேகரித்து வழங்க, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். யாரிடம் ரத்தம் எடுக்கலாம், என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும், எந்தக் குளிர்நிலையில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதெல்லாம் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் ‘எஃப்’ அட்டவணையில் இருக்கிறது. எம்.டி. நோயியல் மாணவர்கள் ரத்த மையப் போஸ்டிங்குக்குத் தயாராகும்போது பெரும்பாலும் கடைசியாகப் புரட்டுவது இதைத்தான். முதலில் படிக்க வேண்டியது இதுவே என்பேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொடையாளர் முன்னால் உட்காரும் முதல் நாளே கைகொடுக்கும்.

வயது 18 முதல் 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை தரலாம். எடுத்த ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை கட்டாயம். விதிகள் 2020 மார்ச்சில் திருத்தப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. ஆர்.கே. சரண் தொகுத்து, மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2003-இல் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடு இன்றும் பல ஆய்வகங்களில் புழங்குகிறது. பரிசோதனைகளைப் படிப்படியாகச் செய்துபார்க்க நல்ல துணை அது. கொடையாளர் தகுதிக்கு மட்டும் திருத்திய விதிகளையே பார்க்க வேண்டும்.

பாடநூல்களில் தொடக்கக்காரருக்கு என் தேர்வு டெனிஸ் ஹார்மெனிங்கின் நூல். ஆய்வக நுட்பர்களுக்காக எழுதப்பட்டதால் எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் அடியிலிருந்து சொல்லித்தருகிறது. ஏ.ஏ.பி.பி. அமைப்பின் ‘டெக்னிக்கல் மேனுவல்’ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பெரிய நூல். சந்தேகம் வரும்போது அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்தால் போதும். 1951-இல் முதலில் வெளிவந்த மாலிசனின் நூல் ஆழம் மிக்கது; ஒரு மாதப் போஸ்டிங்கில் அதை முடிக்க முயல வேண்டாம்.

எந்த நூலானாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதே பயன் தரும். பாம்பே குரூப்பை எடுத்துக்கொள்வோம். சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற பொருள்கள் உருவாக ‘எச்’ என்ற அடித்தளப் பொருள் வேண்டும். ஓ பிரிவினரிடம் எச் மட்டும் இருக்கும். மிகச் சிலரிடம் அதுவும் இருக்காது. ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் பம்பாயில் இப்படிப்பட்டவர்களைக் கண்டறிந்து 1952-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இவர்களின் செல்லை மட்டும் சோதித்தால் ஓ என்றே காட்டும். சீரத்தை எடுத்து, ஏ செல், பி செல்லோடு ஓ செல்லையும் வைத்துப் பார்த்தால் மூன்றுமே திரளும். ஓ செல் வைக்காத இடத்தில் இவர் ஓ என்றே பதிவாவார். பிறகு கிராஸ் மேட்சில் ஓ பை ஒவ்வொன்றும் ஒவ்வாமல் போகும்போதுதான் விஷயம் வெளிப்படும். இவருக்கு இன்னொரு பாம்பே குரூப் ரத்தம்தான் ஏற்கும். செல், சீரம் இரண்டையும் ஏன் சோதிக்கிறோம், ஓ செல் எதற்கு, கிராஸ் மேட்ச் எதைக் காப்பாற்றுகிறது என்று மூன்று பாடங்களும் இந்த ஒரு நோயாளியிடமே இருக்கின்றன. மனப்பாடம் செய்த அட்டவணை இப்படிப் பதியாது.

போஸ்டிங்கில் உண்மையில் திணறவைப்பது வார்டிலிருந்து வரும் போன். பிரசவத்தில் ரத்தப்போக்கு, குரூப் பார்க்க நேரமில்லை என்றால் சிவப்பணுவுக்கு ஓ நெகட்டிவ், பிளாஸ்மாவுக்கு ஏபி. இதற்குப் பதில் சுலபம். “ஹீமோகுளோபின் எட்டு இருக்கு, ரெண்டு பை கொடுங்க” என்று ஐ.சி.யு.விலிருந்து கேட்டால்? அங்கேதான் கனடாவில் 838 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ‘ட்ரிக்’ ஆய்வு தேவைப்படுகிறது. தீவிர சிகிச்சையில் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே ரத்தம் ஏற்றியவர்கள், 10 கிராமிலேயே ஏற்றப்பட்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ரத்தப்போக்கு, இதயநோய் உண்டா என்று திருப்பிக் கேட்கும் துணிவை இந்த ஒரு கட்டுரை தரும். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ ரத்தப் பயன்பாட்டுக் கையேடும், பிரிட்டனின் ரத்தமேற்றல் கையேடும் இலவசம். இரண்டும் வார்டுக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை.

ரியாக்‌ஷன் பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல் என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல் சலைனை ஓடவிட்டு, நோயாளியின் அடையாளத்தையும் பையின் லேபிளையும் மறுபடி ஒப்பிட்டு, பையோடு புது மாதிரியையும் ரத்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் 2012 டிசம்பரில் தொடங்கிய ரத்தமேற்றல் கண்காணிப்புத் திட்டத்தில் இதைப் பதிவு செய்யலாம். அதன் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. பிரிட்டனில் 1996 முதல் இயங்கும் ‘ஷாட்’ அமைப்பின் ஆண்டறிக்கைகளைக் கட்டாயம் படியுங்கள். ஆள் மாறி எடுத்த மாதிரி, சரிபார்க்காமல் மாட்டிய பை என்று நிஜச் சம்பவங்களை விவரிக்கின்றன. அரிய ஆன்டிபாடிகளைவிட இத்தகைய மனிதத் தவறுகளே அங்கே மிகுதி.

பயணத்தில் கேட்க ஜோ சாஃபின் என்ற அமெரிக்க மருத்துவரின் ‘பிளட் பேங்க் கை’ பாட்காஸ்ட் அருமையானது. கொடை இடைவெளி போன்ற விதிகள் மட்டும் அங்கே வேறு. அமெரிக்காவில் 56 நாளில் மறுபடி தரலாம். நம் நாட்டு நோயாளிகளைப் பற்றி அறிய ‘ஏஷியன் ஜர்னல் ஆஃப் டிரான்ஸ்ஃபியூஷன் சயின்ஸ்’ இதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

ரத்தமேற்றல் துறையிலேயே தொடர விரும்புவோருக்கு மூன்றாண்டு எம்.டி. படிப்பு இருக்கிறது. கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கெனத் தனித் துறைகள் இயங்குகின்றன.