தனிப்பயன் கட்டுப்பாடு

தனிப்பயன் கட்டுப்பாடு என்பது, மேசைக்கணினி மென்பொருளின் சாளரங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்காக நிரலர் தாமே உருவாக்கிக்கொள்ளும் இடைமுக உறுப்பு ஆகும். பொத்தான், உரைப்பெட்டி, பட்டியல் முதலியவை நிரலாக்கச் சூழலுடனேயே வருகின்றன. அவற்றால் நிறைவேறாத ஒரே தேவை பல சாளரங்களில் எழும்போது இது பயன்படுகிறது.

வரலாறு

1991இல் வெளிவந்த விசுவல் பேசிக், கருவிப்பெட்டியிலிருந்து உறுப்புகளை எடுத்துச் சாளரத்தில் வைக்கும் முறையைப் பரவலாக்கியது. கூடுதல் உறுப்புகளைப் பிற நிறுவனங்கள் விபிஎக்ஸ் கோப்புகளாக விற்றன. அவற்றை எழுத சி அல்லது சி++ தெரிந்திருக்க வேண்டும். விசுவல் பேசிக்கிலேயே ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகளை உருவாக்கும் வசதி 1997இல் வந்த 5ஆம் பதிப்பில் கிடைத்தது. ஆனால் அக்கோப்புகளை ஒவ்வொரு கணினியின் பதிவேட்டிலும் பதிய வேண்டியிருந்தது. 2002இல் டாட்நெட்டுடன் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

உருவாக்கும் முறைகள்

விண்டோஸ் ஃபார்ம்ஸில் மூன்று வழிகள் உள்ளன. இருக்கும் கட்டுப்பாட்டிலிருந்து மரபுரிமை பெற்றுச் சிறிது மாற்றலாம். எண்களை மட்டும் ஏற்கும் உரைப்பெட்டி இவ்வகை. பல கட்டுப்பாடுகளை யூசர்கன்ட்ரோல் என்னும் வகுப்பில் சேர்த்து ஒன்றாக்கலாம். அல்லது கன்ட்ரோல் வகுப்பிலிருந்து தொடங்கி, ஆன்பெயின்ட் செயற்கூற்றில் தோற்றம் முழுவதையும் தாமே வரையலாம். கடைசி வழி கவர்ச்சியானது, ஆனால் பெரும்பாலும் தேவைப்படாதது.

எடுத்துக்காட்டு

ஒரு கணக்கு மென்பொருளில் பத்து அறிக்கைச் சாளரங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் தொடக்க நாள், முடிவு நாள் என இரு பெட்டிகள். முடிவு நாள் முந்தியதாக இருக்கக்கூடாது என்ற சோதனையைப் பத்து இடங்களில் எழுதினால், பின்னர் செய்யும் திருத்தம் ஓரிடத்தில் விடுபட்டுப்போகும். அந்த ஓர் அறிக்கை மட்டும் தவறான தொகையைக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இரு பெட்டிகளையும் சேர்த்து ஒரே கட்டுப்பாடாக்கினால் சோதனை ஓரிடத்தில் அடங்கும். உள்ளே இருக்கும் பெட்டிகள் வெளியே தெரியக்கூடாது. தொடக்கம், முடிவு என இரண்டு பண்புகளும், காலம் மாறியதைத் தெரிவிக்கும் ஒரு நிகழ்வும் போதும். பெட்டிகளை வெளிப்படையாக விட்டுவிட்டால், யாராவது நேரடியாக அவற்றில் மதிப்பிட்டுச் சோதனையைத் தாண்டிவிடுவார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொடக்க நாள் முடிவைத் தாண்டினால் உடனே பிழை எழுப்புவது இயல்பாகத் தோன்றும். ஆனால் சாளரம் திறக்கும்போது பண்புகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிரப்பப்படுகின்றன. முடிவு நாள் வருமுன் தொடக்க நாள் வந்தால், சரியான மதிப்புகளுக்கும் பிழை எழும். இதற்காகவே ஐசப்போர்ட்இனிஷியலைஸ் என்னும் இடைமுகம் உள்ளது. அதைச் செயல்படுத்தினால், எல்லாப் பண்புகளும் நிரம்பிய பிறகு சோதனையை ஒருமுறை நடத்தலாம்.

வடிவமைப்பு நேரச் சிக்கல்

தனிப்பயன் கட்டுப்பாட்டை ஒரு சாளரத்தில் வைத்ததும், விசுவல் ஸ்டுடியோவின் வடிவமைப்பான் அதை உண்மையாகவே உருவாக்கி இயக்குகிறது. ஆக்கியில் தரவுத்தளத்தை அணுகும் நிரல் இருந்தால் அதுவும் அங்கேயே ஓடும். தரவுத்தளம் கிடைக்காவிட்டால் சாளரத்துக்குப் பதில் பிழைப்பக்கம் தோன்றும். டிசைன்மோட் பண்பைப் பார்த்து இதைத் தவிர்க்கலாம் என்று பலர் முயல்வதுண்டு. ஆக்கிக்குள் அப்பண்பு எப்போதும் பொய் என்றே சொல்லும், ஏனெனில் கட்டுப்பாடு அப்போது வடிவமைப்பானுடன் இணைக்கப்பட்டிருக்காது. தரவை ஏற்றும் பணியை ஆக்கியில் வைக்காமல், சாளரமே கேட்கும்போது செய்வது பாதுகாப்பானது.

அணுகல்தன்மை

முழுவதும் தாமே வரைந்த கட்டுப்பாட்டில், வண்ணமும் எழுத்தும் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைபடிப்பான்களுக்கு அதன் பெயர், பங்கு, மதிப்பு ஆகியவற்றை அணுகல் பொருள் வழியாக நிரலர்தான் தர வேண்டும். விசைப்பலகை இயக்கத்தையும் அவ்வாறே எழுத வேண்டும். ஆயத்தக் கட்டுப்பாடுகளைச் சேர்த்து உருவாக்கும்போது இவற்றில் பெரும்பகுதி தானாகவே கிடைத்துவிடுகிறது.